சுனிதி சாலமன்

சுனிதி சாலமன் (இறப்பு: சூலை 28, 2015) சென்னையைச் சேர்ந்த மருத்துவரும் நுண்ணுயிரியல் பேராசிரியரும் ஆவார். எச்.ஐ.வி தொற்று இந்தியாவில் இருப்பதை 1986 ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளிப்படுத்திய ஆய்வை வழிநடத்தியவர் இவரே. 1993 இல் ஒய். ஆர். காய்தொண்டே எய்ட்ஸ் ஆய்வு மற்றும் கல்வி மையத்தைச் சென்னையில் நிறுவினார். ஒய். ஆர். ஜி. கேர் என்ற சுருக்கப் பெயராலேயே இம்மையம் பெரிதும் அறியப்படுகிறது. தடுப்பூசி இல்லாத இந்நோய்க்கு அறிவே முதல் தடுப்பு என்பதும், நோயைவிட நோயாளியை ஒதுக்கும் வழக்கமே அதிக உயிர்களைப் பறிக்கிறது என்பதும் இவருடைய பணிகளுக்கு அடிப்படையாக அமைந்த கருத்துகள். இந்திய அரசு இவருக்கு 2017 ஆம் ஆண்டில், மறைவுக்குப் பின், பத்மசிறீ விருது வழங்கியது.

இளமையும் கல்வியும்

சுனிதி 1930களின் இறுதியில் பிறந்தார். இவருடைய குடும்பத்தினர் சென்னையில் வாழ்ந்து தோல் வணிகம் செய்து வந்த மராட்டியர்கள். எட்டுப் பிள்ளைகளில் இவர் ஒருவரே பெண். ஆண்டுதோறும் சுகாதார அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்து பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுவார். அந்த வருகையே மருத்துவத்தின் மீது தமக்கு ஆர்வத்தை உண்டாக்கியது என்று பிற்காலத்தில் இவர் நினைவுகூர்ந்துள்ளார்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்றார். இதய அறுவை மருத்துவரான விக்டர் சாலமனை மணந்தார். கணவர் கிறித்தவர், இவர் இந்து. அக்காலத்தில் சமயம் கடந்த திருமணங்கள் அரிதாகவே நடந்தன. பின்னர் இங்கிலாந்து, ஐக்கிய அமெரிக்கா, ஆத்திரேலியா ஆகிய நாடுகளில் நோயியல் பயிற்சி பெற்றார். இலண்டனில் உள்ள கிங்சு கல்லூரி மருத்துவமனையில் இளநிலை மருத்துவராகவும் பணியாற்றினார். தம்முடைய பணி இந்தியாவுக்கே கூடுதலாகத் தேவைப்படுகிறது என்று கருதி 1973 இல் கணவருடன் சென்னை திரும்பினார். நுண்ணுயிரியலில் முனைவர் பட்டம் பெற்று, சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் ஆசிரியராகச் சேர்ந்து பேராசிரியராக உயர்ந்தார்.

ஆய்வுக்கான பின்னணி

1981 சூன் மாதம் அமெரிக்காவின் லாசு ஏஞ்சலசு நகரில் ஐந்து இளைஞர்களுக்கு அரிய வகை நுரையீரல் அழற்சி ஏற்பட்டதாக ஒரு மருத்துவ அறிக்கை வெளியானது. எய்ட்ஸ் குறித்து வெளிவந்த முதல் அறிக்கையாக இது கருதப்படுகிறது. 1983 இல் பாரிசிலுள்ள பாசுடர் நிறுவனத்தில் பிரான்சுவா பாரி-சினோசி, லுக் மொன்டாக்னியர் ஆகியோர் இந்நோய்க்குக் காரணமான தீநுண்மியைப் பிரித்தெடுத்தனர். 1985 இல் இரத்தத்தில் எச்.ஐ.வி எதிர்ப்பொருளைக் கண்டறியும் சோதனை பயன்பாட்டுக்கு வந்தது.

இந்தியாவில் அன்று நிலவிய எண்ணம் வேறு. எய்ட்ஸ் மேலை நாட்டு வாழ்க்கை முறையின் விளைவு, குடும்பக் கட்டுப்பாடும் ஒழுக்கமும் மிகுந்த இந்தியச் சமூகத்தில் அது நுழையாது என்று பலரும் நம்பினர். மருத்துவர்கள் பலரும் இக்கருத்தையே கொண்டிருந்தனர். நோயைத் தேடிய ஆய்வுகளும் அதுவரை எந்தத் தொற்றையும் கண்டறிந்திருக்கவில்லை. மருத்துவ இதழ்களில் எய்ட்ஸ் பற்றிய செய்திகளைத் தொடர்ந்து படித்துவந்த சுனிதி, தமிழ்நாட்டில் இத்தொற்று உள்ளதா என்று தேடிப் பார்க்க முடிவு செய்தார்.

1986 ஆம் ஆண்டு ஆய்வு

முதுநிலை நுண்ணுயிரியல் மாணவியான செல்லப்பன் நிர்மலா அப்போது தம் ஆய்வேட்டுக்கு ஒரு தலைப்பைத் தேடிக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டில் எய்ட்ஸ் கண்காணிப்பு என்ற பொருளைச் சுனிதி அவருக்குப் பரிந்துரைத்தார். நிர்மலா முதலில் தயங்கினார். சென்னையில் பாலியல் தொழில் நடக்கும் இடங்களை எவ்வாறு அடையாளம் காண்பது என்பதே அவருக்குத் தெரியவில்லை. அவருடைய கணவர் ஊக்கமளித்ததால் பணியை ஏற்றுக்கொண்டார். கைதாகி அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடமிருந்து ஏறத்தாழ மூன்று மாத காலம் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். இம்மாதிரிகளின் எண்ணிக்கை எண்பதுக்கு மேல் என்றும், நூறு என்றும் குறிப்புகள் வேறுபடுகின்றன.

ஆய்வுக்குரிய வசதிகள் மிகக் குறைவாகவே இருந்தன. மாதிரிகளில் இருந்து ஊநீரைப் பிரிக்கும் வேலையைச் சுனிதி தம் கணவருடன் நடத்திவந்த சிறிய ஆய்வகத்தில் செய்தார். மாதிரிகளைப் பாதுகாக்கத் தனி இடம் இல்லாததால் நிர்மலாவின் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியே அதற்குப் பயன்பட்டது. எலைசா சோதனைக்கான வசதி அப்போது சென்னையில் இல்லை. எனவே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் தீநுண்மியியல் அறிஞர் சேக்கப் ஜான் அங்கு சோதனை செய்ய ஏற்பாடு செய்தார். 1986 பிப்ரவரியில் நிர்மலாவும் அவருடைய கணவரும் மாதிரிகளைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து இரயிலில் காட்பாடி வரை கொண்டு சென்றனர்.

வேலூரில் நடந்த சோதனையில் ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறமாக மாறின. தவறு நேர்ந்திருக்கலாம் என்ற ஐயத்தால் சோதனை மீண்டும் செய்யப்பட்டது. முடிவு மாறவில்லை. பின்னர் அமெரிக்காவில் செய்யப்பட்ட உறுதிப்படுத்தும் சோதனையும் அதையே காட்டியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வழியாகச் செய்தி அன்றைய பிரதமர் இராசீவ் காந்திக்கும் தமிழ்நாட்டின் நலவாழ்வுத் துறை அமைச்சர் எச். வி. ஹண்டேவுக்கும் தெரிவிக்கப்பட்டது. 1986 மே மாதத்தில் ஹண்டே இதைத் தமிழ்நாடு சட்டமன்றத்தில் அறிவித்தார்.

நிர்மலா 1987 மார்ச்சில் தம் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். அதன்பின் சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையத்தில் பணியாற்றினார். அவருடைய பங்கு நீண்ட காலம் பொதுமக்களால் அறியப்படாமலே இருந்தது.

இந்த ஆய்வின் ஒரு பகுதி இன்றைய அறநெறிப்படி கேள்விக்குரியது. எந்த நோய்க்காக இரத்தம் எடுக்கப்படுகிறது என்பது அப்பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே அவர்கள் எண்ணினர். ஒருவருடைய ஒப்புதலைப் பெற்று, சோதனைக்கு முன்னும் பின்னும் அறிவுரை வழங்க வேண்டும் என்ற நடைமுறை பின்னரே உருவானது. இந்தியாவில் 2017 ஆம் ஆண்டின் எச்.ஐ.வி மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் இவ்வொப்புதலைக் கட்டாயமாக்கியது.

கண்டுபிடிப்பின் விளைவுகள்

அறிவிப்பு வெளியானதும் நாடெங்கும் அதிர்ச்சி ஏற்பட்டது. சோதனையே பிழையானது என்று சிலர் கூறினர். எனினும் கண்காணிப்புப் பணிகள் பல நகரங்களுக்கு விரிவாக்கப்பட்டன. 1992 இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் அமைக்கப்பட்டது. 1994 இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தொடங்கப்பட்டது. மாநில அளவில் இப்பணிக்கெனத் தனிச் சங்கம் அமைத்ததில் தமிழ்நாடே நாட்டுக்கு முன்னோடி.

ஆய்வு முடிவு சுனிதியின் வாழ்க்கைப் போக்கையும் மாற்றியது. தொற்று உறுதி செய்யப்பட்ட அறுவருள் ஒருவர் பதின்மூன்று வயதுச் சிறுமி என்றும், கடத்தி வரப்பட்டு இத்தொழிலில் தள்ளப்பட்டவர் என்றும் சுனிதி பின்னாளில் கூறியுள்ளார். பள்ளியில் இருக்க வேண்டிய வயதில் ஒரு குழந்தை இந்நோய்க்கு ஆளானது அவரைப் பெரிதும் பாதித்தது. அதுவரை ஆய்வகத்திலும் வகுப்பறையிலும் பணிபுரிந்து வந்தவர், அதன் பிறகு தொற்றுள்ளவர்களை நேரில் சந்தித்து அவர்கள் சொல்வதைக் கேட்கத் தொடங்கினார்.

தொடக்கத்தில் அவருடைய கணவர் இதை விரும்பவில்லை. அன்று இந்நோயாளிகளாக அறியப்பட்டோரில் பெரும்பாலானோர் பாலியல் தொழிலாளர்கள், ஒருபாலீர்ப்பினர், போதை ஊசி பயன்படுத்துவோர் ஆகியோரே. அவர்களுடன் பழகுவதைச் சமூகம் ஏற்காது என்ற அச்சம் கணவருக்கு இருந்தது. அவர்களுடைய கதைகளைக் கேட்டால் மனம் மாறும் என்று சுனிதி அவருக்கு விளக்கினார். பின்னர் கணவரும் இப்பணிக்குத் துணை நின்றார்.

1988 முதல் 1993 வரை சென்னை மருத்துவக் கல்லூரியில் எய்ட்ஸ் ஆதாரக் குழு ஒன்றை அமைத்து நடத்தினார். ஆய்வு, ஆலோசனை, சமூகப் பணி ஆகிய மூன்றையும் ஒருங்கே மேற்கொண்ட இவ்வகைக் குழு இந்தியாவில் முதன்முதலாகத் தோன்றியது இங்குதான்.

ஒய். ஆர். ஜி. கேர்

1993 இல் தம் தந்தை ஒய். ஆர். காய்தொண்டேயின் பெயரில் ஓர் அறக்கட்டளை மையத்தைச் சுனிதி நிறுவினார். தானே முன்வந்து சோதனை செய்துகொள்ளவும் ஆலோசனை பெறவும் நாட்டில் முதலில் வழிசெய்த இடங்களுள் இதுவும் ஒன்று. எச்.ஐ.வி உள்ளவர் என்று தெரிந்தாலே மருத்துவமனைகள் சேர்க்க மறுத்த காலம் அது. மகப்பேற்றுக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் வந்தவர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். இறந்தவரின் உடலைத் தொடக்கூட ஆள் கிடைக்காத நிலை இருந்தது. அத்தகையோர் அச்சமின்றி வந்து சேரக்கூடிய இடமாக இம்மையம் வளர்ந்தது. பின்னர் சென்னை தரமணியில் உள்ள தன்னார்வ நலவாழ்வுச் சேவை மருத்துவமனை வளாகத்தில் இருந்து செயல்பட்டது. சுனிதியின் காலத்தில் பல்லாயிரம் பேர் இங்குச் சிகிச்சை பெற்றனர்.

மையத்தின் பெயரில் ஆய்வு என்ற சொல்லுடன் கல்வி என்ற சொல்லும் இடம்பெற்றிருப்பது குறிப்பிடத்தக்கது. 1993 இல் இந்நோயைக் கட்டுக்குள் வைக்கக்கூடிய கூட்டு மருந்துச் சிகிச்சை உலகில் எங்கும் இல்லை. அது 1996 இல்தான் வந்தது. வந்த பிறகும் அதன் விலை இந்திய நோயாளிகளுக்கு எட்டாததாகவே இருந்தது. மருத்துவரால் குணமும் அளிக்க முடியாது, உயிரை நீட்டிக்கவும் முடியாது என்ற நிலையில், நோய் வராமல் தடுக்கும் அறிவைப் பரப்புவதே செய்யக்கூடிய பணியாக எஞ்சியிருந்தது.

தடுப்புக் கல்வி

பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் மருத்துவப் பணியாளர்களுக்கும் எச்.ஐ.வி குறித்து எடுத்துரைப்பது மையத்தின் தொடக்ககாலப் பணிகளில் ஒன்றாக இருந்தது. பாலுறவு என்ற சொல்லையே பொது இடத்தில் கூறத் தயங்கிய சமூகத்தில், இந்நோய் குறித்து வெளிப்படையாகப் பேசிய முதல் மருத்துவர்களில் சுனிதியும் ஒருவர்.

எச்.ஐ.வி நான்கு வழிகளில் பரவுகிறது: பாதுகாப்பற்ற பாலுறவு, தொற்றுள்ள இரத்தம், தூய்மையற்ற ஊசி, தாயிடமிருந்து குழந்தை. தொடுதல், ஒரே தட்டில் உண்ணுதல், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துதல், இருமல், கொசுக்கடி ஆகியவற்றால் பரவுவதில்லை. தடுப்புக் கல்வியில் இவ்விரு பட்டியல்களும் சம அளவில் இன்றியமையாதவை. முதற்பட்டியலை அறியாதவர் தொற்றுக்கு ஆளாகிறார். இரண்டாவதை அறியாதவர் தொற்றுள்ளவரை வீட்டிலிருந்தும் வகுப்பறையிலிருந்தும் விரட்டுகிறார்.

பள்ளிப் பருவத்தில் இக்கல்வி தேவைப்படுவதற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. உடல் மாற்றங்கள் தொடங்கும் வயதில் பிள்ளைகளுக்கு எழும் ஐயங்களுக்குப் பெரும்பாலான வீடுகளில் விடை கிடைப்பதில்லை. நண்பர்களிடமிருந்தும் தவறான நூல்களில் இருந்தும் பெறும் அரைகுறைச் செய்திகளே அவர்களுக்கு வழிகாட்டுகின்றன. படிப்பை இடையில் நிறுத்துவோரும் இளம் வயதில் மணம் செய்து கொடுக்கப்படும் பெண்களும் கல்லூரி வரை வருவதில்லை. எனவே அவர்களை அடையக்கூடிய கடைசி இடம் பள்ளியே. மறுக்கவும் உதவி கேட்கவும் கற்பிப்பது சிறுவர்களைப் பாலியல் வன்முறையில் இருந்து காப்பதற்கும் துணை செய்கிறது. 1986 ஆய்வில் கண்டறியப்பட்ட சிறுமியின் வயதை எண்ணிப் பார்த்தால் இதன் தேவை விளங்கும்.

தமிழ்நாட்டில் பொதுமக்களுக்கான பரப்புரையும் உடன் நடந்தது. 1995 இல் தன்னார்வ நலவாழ்வுச் சேவை நிறுவனத்தின் வழியாகத் தொடங்கப்பட்ட எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுத் திட்டம் சரக்குந்து ஓட்டுநர்களிடம் பணியாற்றியது. அத்திட்டத்தின் புள்ளிராசா விளம்பரம் 2000களின் தொடக்கத்தில் மாநிலம் முழுவதும் பேசப்பட்டது. கல்லூரிகளில் செஞ்சுருள் சங்கங்கள் அமைக்கப்பட்டன. அரசு மருத்துவமனைகளில் இயங்கும் ஆலோசனை, சோதனை மையங்களுக்கு நம்பிக்கை மையம் என்று பெயரிடப்பட்டது. நோயின் பெயரைப் பலகையில் எழுதினால் மக்கள் உள்ளே நுழையத் தயங்குவர் என்பதால் இத்தகைய பெயர் பொருத்தமாக அமைந்தது.

பள்ளிக் கல்வியும் எதிர்ப்பும்

2005 இல் நடுவண் அரசின் மனிதவள மேம்பாட்டு அமைச்சகமும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனமும் இணைந்து வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தன. ஒன்பதாம், பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு உடல் வளர்ச்சி, வாழ்க்கைத் திறன்கள், எச்.ஐ.வி தடுப்பு ஆகியவற்றைப் பள்ளியிலேயே கற்பிப்பது இதன் நோக்கம். 2007 இல் மகாராட்டிரம், குசராத்து, மத்தியப் பிரதேசம், கருநாடகம் உள்ளிட்ட மாநிலங்கள் இத்திட்டத்தைத் தடைசெய்தன அல்லது நிறுத்தி வைத்தன. பயிற்சி நூல்களில் இருந்த படங்களும் விளக்கங்களும் இந்தியப் பண்பாட்டுக்கு ஒவ்வாதவை என்றும், இத்தகைய கல்வி பிள்ளைகளைத் தவறான வழியில் தூண்டும் என்றும் எதிர்ப்பாளர்கள் கூறினர். 2009 இல் மாநிலங்களவையின் மனுக்கள் குழுவும் இத்திட்டத்தைக் குறைகூறி அறிக்கை அளித்தது.

அதே 2009 ஆம் ஆண்டில் யுனெசுக்கோ பாலியல் கல்விக்கான பன்னாட்டு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. பல நாடுகளில் செய்யப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்த அவ்வழிகாட்டி, முறையாகக் கற்பிக்கப்படும் பாலியல் கல்வி இளையோரைப் பாலுறவுக்கு முன்கூட்டியே தூண்டுவதில்லை என்று காட்டியது. இக்கல்வி பெற்றவர்கள் பாதுகாப்பு முறைகளைக் கையாள்வது மிகுதி என்றும் கண்டறியப்பட்டது. எனினும் படங்களும் சொற்களும் மாணவரின் வயதுக்கும் ஊரின் வழக்கத்துக்கும் பொருந்த வேண்டும் என்ற எதிர்ப்பாளர்களின் கோரிக்கையில் நியாயம் உண்டு. பாடத்தை நடத்தக் கூச்சப்படும் ஆசிரியருக்குத் தனிப் பயிற்சி அளிக்காமல் நூலை மட்டும் கையில் கொடுப்பதால் பயன் விளைவதில்லை.

2020 இல் தொடங்கப்பட்ட பள்ளி நலவாழ்வுத் திட்டத்தின் பதினொரு பொருள்களில் இனப்பெருக்க நலமும் எச்.ஐ.வி தடுப்பும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலிலும் எய்ட்ஸ் குறித்த பாடப்பகுதி இடம்பெற்றுள்ளது. மாநிலம் முழுவதற்கும் பாடநூல் ஒன்றே என்பதால், சென்னையில் படிக்கும் மாணவரும் செஞ்சிக் கோட்டையை அடுத்த பனமலை போன்ற சிற்றூர்களில் இருந்து பள்ளிக்குச் செல்லும் மாணவரும் ஒரே செய்தியைப் பெறுகின்றனர். அப்பக்கம் வகுப்பில் விளக்கப்படுகிறதா, வீட்டில் படித்துக்கொள்ளுமாறு கூறிக் கடக்கப்படுகிறதா என்பதே இருவருக்கும் இடையிலான வேறுபாடாக அமையக்கூடும்.

ஒதுக்கலும் குழந்தைகளும்

தாய்வழித் தொற்று குழந்தைகளுக்கு எச்.ஐ.வி வருவதற்கு முதன்மையான காரணம். மருத்துவ உதவி கிடைக்காவிட்டால், தொற்றுள்ள தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு 15 முதல் 45 பேர் வரை பாதிக்கப்படக்கூடும். உரிய காலத்தில் மருந்து அளித்தால் இது 5 விழுக்காட்டுக்கும் கீழே குறைகிறது. எனவே கருவுற்ற பெண்ணுக்குச் சோதனை செய்வதும் தடுப்பின் ஒரு பகுதியே.

தொற்றுடன் பிறந்த குழந்தை பள்ளி வயதை எட்டும்போது அடுத்த இடர் தொடங்குகிறது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் குருதி உறையாமை நோய்க்கான சிகிச்சையின் மூலம் தொற்று பெற்ற இரையன் வைட் என்ற சிறுவன், 1985 இல் பள்ளிக்கு வரக்கூடாது என்று தடுக்கப்பட்டான். அவனுடைய குடும்பம் நீதிமன்றம் சென்று உரிமையைப் பெற்ற பிறகும் ஊராரின் பகையால் இடம்பெயர நேரிட்டது. புதிய ஊரின் பள்ளியில் மாணவர்களுக்கு முன்கூட்டியே எய்ட்ஸ் பற்றிக் கற்பிக்கப்பட்டிருந்ததால் அவன் கைகுலுக்கி வரவேற்கப்பட்டான். 1990 இல் தம் 18 ஆம் வயதில் இரையன் வைட் இறந்தார். இரு பள்ளிகளுக்கும் இடையிலான வேறுபாட்டைத் தோற்றுவித்தது கல்வியே.

இந்தியாவிலும் இத்தகைய நிகழ்வுகள் நேர்ந்தன. 2003 இல் கேரளத்தில் எச்.ஐ.வி உள்ள உடன்பிறப்புகள் இருவரைப் பள்ளியில் சேர்க்க எதிர்ப்பு எழுந்தது. அப்போதைய நடுவண் நலவாழ்வு அமைச்சர் சுசுமா சுவராசு அக்குழந்தைகளைப் பொதுமக்கள் முன்னிலையில் அணைத்துக்கொண்டு, தொடுவதால் நோய் பரவாது என்பதை உணர்த்தினார். நோயைவிட ஒதுக்கலே கொல்கிறது என்று சுனிதி பல ஆண்டுகளாகக் கூறிவந்ததற்கு இந்நிகழ்வுகள் சான்றாயின. 2017 ஆம் ஆண்டின் சட்டம் கல்வி நிறுவனங்களில் எச்.ஐ.வி காரணமாக வேறுபாடு காட்டுவதைத் தடைசெய்தது. இச்சட்டம் 2018 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது.

ஆய்வுப் பணிகள்

சுனிதியும் உடன் பணியாற்றியவர்களும் தென்னிந்தியாவில் எச்.ஐ.வி தொற்றின் போக்கு குறித்துப் பல கட்டுரைகளை வெளியிட்டனர். 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு தொற்றுள்ள பெண்களைப் பற்றியது. அவர்களில் பெரும்பாலோர் கணவரைத் தவிர வேறு எவருடனும் உறவு கொள்ளாதவர்கள் என்பதை அது எடுத்துக்காட்டியது. ஒழுக்கமாக வாழ்ந்தால் நோய் அணுகாது என்ற பரப்புரை, கணவரிடமிருந்து தொற்றைப் பெறும் மனைவிக்கு எவ்விதப் பாதுகாப்பும் அளிக்கவில்லை என்பதை இவ்வாய்வு உணர்த்தியது. இதனால் தடுப்புக் கல்வியின் பார்வை பாலியல் தொழிலாளர்களைத் தாண்டிக் குடும்பங்களின் பக்கமும் திரும்ப வேண்டியதாயிற்று.

சீனா, இந்தியா, பெரு, உருசியா, சிம்பாப்வே ஆகிய ஐந்து நாடுகளில் நடந்த தடுப்பு ஆய்வொன்றில் சென்னைப் பகுதியின் பொறுப்பை இம்மையம் ஏற்றது. மக்களிடையே செல்வாக்குள்ளவர்களுக்குப் பயிற்சி அளித்து அவர்கள் வழியாகப் பாதுகாப்பான பழக்கங்களைப் பரப்புவது அவ்வாய்வின் முறை. எச்.பி.டி.என் 052 எனப்படும் பன்னாட்டு ஆய்விலும் மையம் பங்கேற்றது. தொற்றுள்ளவர் தொடக்கத்திலேயே மருந்து உட்கொண்டால் வாழ்க்கைத் துணைக்கு அவரிடமிருந்து நோய் பரவும் வாய்ப்பு 96 விழுக்காடு குறைகிறது என்று 2011 இல் வெளியான அதன் முதல் முடிவுகள் காட்டின. சிகிச்சையே தடுப்பாகவும் அமையும் என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாக வழங்கத் தொடங்கியது. தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை தொடக்கத்திலேயே இச்சிகிச்சையை அளித்த இடங்களுள் ஒன்று. அதன் பிறகு, எச்.ஐ.வி மரணத் தீர்ப்பு என்ற நிலை மாறி, நாள்தோறும் மருந்து உட்கொண்டு நெடுநாள் வாழக்கூடிய நோய் என்ற நிலை உருவானது.

திருமணப் பொருத்தம்

சிகிச்சை பெற்று உடல்நலம் தேறியவர்களுக்கு மணம் செய்துகொள்ளும் விருப்பம் எழுந்தது. நோயை மறைத்து மணம் முடிப்பது துணைவருக்குக் கேடு. மணம் செய்யாமல் இருந்தாலோ உறவினரின் கேள்விகளுக்கு விடை கூற இயலாது. இவ்விக்கட்டில் இருந்தவர்களுக்காகச் சுனிதி தம் மையத்திலேயே பொருத்தம் பார்க்கத் தொடங்கினார். கல்வி, வருவாய், சாதி, சமயம் என்று குடும்பங்கள் வழக்கமாகக் கேட்பனவற்றுடன் நோயெதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கையும் மருந்து முறையும் ஒத்துப்பார்க்கப்பட்டன. தம்பதியருக்குத் தொற்றற்ற குழந்தை பிறக்கவும் மருத்துவர்கள் வழிகாட்டினர். இப்பணியை மையமாகக் கொண்டு லவ்சிக் என்ற ஆவணப்படம் 2017 இல் வெளியானது.

குடும்பம்

கணவர் விக்டர் சாலமன் 2006 இல் காலமானார். இவர்களுடைய மகன் சுனில் சுகாசு சாலமனும் மருத்துவர். தொற்றுநோயியல் துறையில் பணியாற்றும் அவர், அமெரிக்காவின் சான்சு ஆப்கின்சு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்துகொண்டு இந்தியாவில் எச்.ஐ.வி ஆய்வுகளையும் மேற்கொண்டார்.

விருதுகள்

இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை வழங்கும் தேசியப் பெண் உயிரியல் அறிவியலாளர் விருதைச் சுனிதி பெற்றார். 2017 சனவரி 25 அன்று அவருக்கு மருத்துவத் துறைக்கான பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது.

மறைவு

கணையப் புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்த சுனிதி சாலமன் 2015 சூலை 28 அன்று சென்னையில் காலமானார். அவர் நிறுவிய மையம் அவருக்குப் பின்னும் ஆய்வையும் சிகிச்சையையும் தொடர்ந்தது. நோயைக் கண்டறிந்த முதல் ஆய்வு வீட்டுக் குளிர்பதனப் பெட்டியை நம்பி நடந்தது. இன்று அத்தகைய சோதனையை அரசு நம்பிக்கை மையங்களில் எவரும் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். மருந்தும் இலவசமாகவே கிடைக்கிறது. எச்.ஐ.வியைத் தடுக்கும் தடுப்பூசி மட்டும் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆகவே, வளரும் ஒவ்வொரு தலைமுறைக்கும் இந்நோயைப் பற்றி மீண்டும் முதலிலிருந்து கற்பிக்க வேண்டியுள்ளது.